ஞாயிறு மட்டும் பொங்கல்: அரேக்குள் இஃப் புகுந்த வகை

சிற்றுண்டிச் சாலை ஒன்றின் பட்டியல் பலகைக்கு நிரல் எழுதுவதாகக் கொள்க. இட்லி உண்டு, தோசை உண்டு, ஞாயிறானால் பொங்கலும் உண்டு. இவற்றை ஒரே சதுர அடைப்புக்குள், ஒரே வரியில், அரேயாக அமைப்பது எங்ஙனம் என்பதே ஆய்வுப் பொருள். மற்ற ஆறு நாளும் அந்த மூன்றாம் இடத்தில் ஒன்றும் இருக்கலாகாது என்பது எம் துணிபு. ஆனால், ‘ஒன்றுமில்லை’ என்ற ஒன்றை அங்கே வைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சாதிப்போரே உலகில் மிகுதி.

முதலில், மதிப்பைத் தரும் இஃபின் தோற்றம். 1957-58இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி, ஐபிஎம் 704 கணினியில் ஃபோர்ட்ரான் கொண்டு சதுரங்க நிரல் எழுதுகையில், நிபந்தனையைப் பார்த்து இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தரும் எக்ஸ்இஃப் என்ற ஃபங்ஷனைச் செய்தார். அதில் ஒரு குறை: வேண்டாத மதிப்பையும் கணக்கிட்ட பிறகே வேண்டியதைத் தரும். அதாவது, பொங்கலைக் கிண்டி இறக்கியபின் இன்று புதன் என்று அறியும். அக்குறை நீங்கிய வடிவம் லிஸ்ப், அல்கால் 60 ஆகிய மொழிகளில் இடம்பெற்றது. சதுரங்கத்துக்கும் பொங்கலுக்கும் உள்ள இத்தொடர்பை முன்னையோர் எவரும் ஆராயாதது வியப்பே.

ஜாவாஸ்கிரிப்ட் மரபில் மூன்று பள்ளிகள். முதற்பள்ளியார் நிபந்தனைக்கும் பொங்கலுக்கும் நடுவே && குறியை இடுவர். புதன்கிழமை அவ்விடத்தில் ஃபால்ஸ் என்னும் மதிப்பு உட்கார்ந்துகொள்ளும். ஜாயின் செய்தால் பலகையில் ‘இட்லி, தோசை, ஃபால்ஸ்’ என வரும். ஃபால்ஸ் ஒரு பிளேட் என்று யாரேனும் கேட்டால் சமையலறையில் பதில் இல்லை. நல் என்னும் வெறுமையை இடுவோரும் உளர். அப்போது வரி ஒரு காற்புள்ளியோடு அந்தரத்தில் நிற்கும். ஃபால்ஸுக்கு இது தேவலாம்.

இரண்டாம் பள்ளியார் முதற்பள்ளியின் குப்பையைப் பூலியன் கொண்டு ஃபில்டர் செய்வர். பெயர்ப் பட்டியலுக்கு இது பொருந்தும். விலைப் பட்டியலுக்கு ஆகாது. மறுமுறை ஊற்றும் சாம்பார் இலவசம் என்று 0 குறித்திருந்தால், 0வும் பொய்யென்றே கொள்ளப்பட்டுக் கழிந்துவிடும். அடுத்திருந்த வடையின் விலை சாம்பாரின் தலையில் ஏறும்.

மூன்றாம் பள்ளியார் மூன்று புள்ளி இடுபவர். பொங்கல் இல்லையேல் காலி அரே ஒன்றைப் படைத்து, அதைப் புள்ளிகளால் விரித்து, எதுவும் விழவில்லை என நிறுவுவர். குற்றமற்ற முறை, கண்ணுக்குத்தான் இனிமையில்லை. இவர்களுள் சோம்பேறிகள் காலி அரேக்குப் பதில் ஃபால்ஸையே விரிக்கப் பார்ப்பர். சதுர அடைப்பில் அது டைப்எரர். நெளிவடைப்பில் ஓசையின்றி ஏற்கப்படும். ஏன் இப்படி என்று வினவிய மாணாக்கர் பலர் இப்போது மேலாளர்கள்.

பைத்தானில் இடமே இலக்கணம். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனின் கடையில் நிற்கும் இஃப் கழிக்கும். ஃபாருக்கு முன் நிற்கும் இஃப் மாற்றும். முன்நிற்பது எல்ஸ் இன்றி அமையாது. பின்நிற்பது எல்ஸைப் பொறாது. இந்த முன்நிலை இஃப் மொழிக்குள் வருமுன் 2003இல் வாக்கெடுப்பே நடந்தது. தெளிவான பெரும்பான்மை கிட்டவில்லை. முடிவில் மொழியைப் படைத்த கீடோ வான் ராசம் விடையை முதலிலும் நிபந்தனையை நடுவிலும் வைத்து வழக்கைத் தீர்த்தார். 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் அதுவே வழக்கு. ‘பொங்கல், ஞாயிறானால், இல்லையேல் உப்புமா’ என்று எந்தச் சர்வரும் சொல்லி யாம் கேட்டதில்லை.

2019இல் டார்ட் மொழியின் 2.3ஆம் பதிப்பு, சதுர அடைப்புக்குள்ளேயே இஃப் எழுதலாம் என்று விதித்தது. எல்ஸ் கட்டாயமில்லை, பொங்கல் இல்லாத நாளில் இடமே இராது. இத்துறை ஆய்வாளர்களின் பிழைப்பில் மண் விழுந்தது அவ்வாண்டில்தான்.

இனி எஞ்சுவோர், இட்லியும் தோசையும் உள்ள அரேயை முதலில் எழுதி, அடுத்த வரியில் சாதாரண இஃப் வைத்துப் பொங்கலை புஷ் செய்பவர். இவர்தம் நிரலில் பிழை அரிது. படிப்போர்க்கு ஐயமும் எழாது. ஆகவே ஆராய ஒன்றுமில்லை. ரிவ்யூவில் மட்டும் யாராவது வந்து, ‘இதை ஒரே வரியில் எழுதலாமே?’ என்று கேட்டுவிட்டுப் போவார்.