குலாப் தந்த ஜூலெப்

கேள்வி: வீட்டிலேயே ‘மின்ட் ஜூலெப்’ செய்து பார்த்தேன். ஒரே கசப்பு! மட்டமான விஸ்கிதான் காரணமோ?

பதில்: விஸ்கியைத் திட்டாதீர்கள், உங்கள் கைதான் காரணம். புதினாவைச் சட்னிக்கு இடிப்பதுபோல் இடித்திருப்பீர்கள். இலை கிழிந்தால் கசப்பு பானத்தில் இறங்கிவிடும். எட்டுப் பத்து இலைகளைக் கோப்பையில் போட்டு, 15 மில்லி சர்க்கரைப் பாகு விட்டு, கரண்டியின் பின்புறத்தால் லேசாக அழுத்துங்கள். வாசனை எழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு 60 மில்லி பூர்பன் விஸ்கி. இந்த விஸ்கிக்கான தானியக் கலவையில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளம் இருக்கும். உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறுவதால் வனிலா மணம் வரும். புதினாவுக்கு அதுதான் சரியான ஜோடி.

ஐஸ் கட்டியாகப் போட்டால் பானம் குளிர நேரமாகும். துணியில் கட்டி, சப்பாத்திக் கட்டையால் நொறுக்கிக் கோபுரமாகக் குவியுங்கள். கலக்கக் கலக்க வெள்ளிக் கோப்பையின் வெளியே பனி பூக்கும். அந்த அழகுக்காகவே கோப்பையை விளிம்பில் பிடிக்க வேண்டும். மேலே ஒரு கொத்துப் புதினா செருகி, மூக்கு அதில் உரசும்படி பருகுங்கள். பாதி ருசி அந்த மணத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு 1938 முதல் இதுவே அதிகாரபூர்வ பானம். ‘ஜூலெப்’ என்ற பெயர் மட்டும் பாரசீகத்து ‘குலாப்’, அதாவது பன்னீர், என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக, உங்கள் குலாப் ஜாமூனுக்கு இது தூரத்துச் சொந்தம்!