இது சோளக்காடு போகுமா?

திருச்செங்கோட்டில் பலருக்கு வீடு ஊரில் இருக்கும், வாழ்க்கை லாரியில் நடக்கும். போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பினால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அடுப்பு, அரிசி மூட்டை, சமையல்காரர் எல்லாம் கூடவே போகும். அப்படியே ஆயுளைக் கழித்தவர் என் மாமனார். ரிக்கை விற்றுவிட்டு இனி வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று குடும்பமே சொன்னது. இருந்து பார்த்தார். தூக்கம் வரவில்லை. தரை ஆடவே மாட்டேன் என்கிறதாம்.

ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய பஸ் விலைக்கு வந்தது. "இதையே வூடாப் பண்ணிப்போடலாமுங்க மாப்பிள்ளை" என்றார். நான் தலையாட்டினேன். மாப்பிள்ளைக்கு அதுதானே வேலை.

நாமக்கல் வட்டாரத்தில் வண்டி விஷயத்துக்குப் பஞ்சமில்லை. லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல், பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கரூர், ரிக்குக்குத் திருச்செங்கோடு என்று தொழிலைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பாடி கட்டுகிறவர்தான் இல்லை. லாரிப் பட்டறையில் கட்டில் செய்யச் சொன்னால், எத்தனை டன் தாங்க வேண்டும் என்று கேட்டார்கள். என் மாமியாரைப் பார்த்துக்கொண்டே கேட்டது நல்லதாக இல்லை. தச்சரைக் கூப்பிட்டால், "வண்டின்னா டிங்கர்கிட்டப் போங்க" என்றார். டிங்கர், "அலமாரின்னா ஆசாரிகிட்டப் போங்க" என்றார். வண்டியில் குழாய் ஒழுகினால் அது மெக்கானிக் வேலையா, பிளம்பர் வேலையா என்பதை இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வந்து, இன்னொருவர் செய்த வேலையைக் குறை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

சட்டம் மட்டும் குழம்பவில்லை. மத்திய அரசு 2004-இல் வண்டி வகைகளைப் பட்டியல் போட்டபோது, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனையும் ரிக், கம்ப்ரஸர் பொருத்திய வண்டியையும் ஒரே இனத்தில், போக்குவரத்து அல்லாத வாகனம் என்று சேர்த்துவிட்டது. மாமாவுக்கு இதில் ஏக பெருமை. ரிக்கிலிருந்து இறங்கினாலும் பட்டியலிலிருந்து இறங்கவில்லை பாருங்கள் என்பார். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிய வண்டியைக் காட்டப் போனபோது, பிரேக் இன்ஸ்பெக்டர் உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

உள்வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். வீட்டில் ஆணி, வண்டியில் போல்ட் என்பது அவர் சித்தாந்தம். ஓடுகிற வண்டியில் ஆணி தானாகக் கழன்று வரும். ஸ்பிரிங் வாஷர் போட்டு, நைலாக் நட்டு முடுக்கினால்தான் அலமாரி அலமாரியாக ஊர்போய்ச் சேரும். சரியான பேச்சுதான். அதற்குத் துளை போட வேண்டுமே. பக்கத்திலிருக்கும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூற்றில் இருக்கிறது. மாமாவின் டிரில் மைக்கா, பிளைவுட், தெர்மாகோல், தகரம் நான்கையும் துளைத்து ஐந்தாவதாகத் தண்ணீர்க் குழாயில் போய் நின்றது. ஓரியைப் பாட வன்பரணர் இருந்தார். மாமாவைப் பாட மாமியார் இருந்தார்.

இந்த வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? மாமாவிடம் ரிக்கில் வேலைபார்த்த மலைக்காரர் ஒருவருக்குக் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் என்று முடிவாயிற்று. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், வாந்தி எடுப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வசதியாக. பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால், வீல்பேஸில் 60 சதவீதம்வரை இருக்கலாம் என்கிறது விதி. எங்கள் வண்டியின் வீல்பேஸ் 5.2 மீட்டர்; அப்படியானால் வால் மூன்று மீட்டருக்கு மேல் போகலாம். வளைவில் முன்பக்கம் இடது பக்கம் திரும்பும்போது, வால் வலது பக்கம் வீசும். எங்கள் வண்டியின் வாலில்தான் குளியலறை. உள்ளே யாராவது இருந்தால் பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் குளிப்பார்கள். நல்லவேளை, முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து இன்னொரு சாலை இருக்கிறது. அதில் போனோம்.

தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர். நிரம்பினால் அரை டன். பாதி நிரம்பியிருந்தால் அதைவிட மோசம்: பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் சாயும், வண்டி ஒரு பக்கம் போகத் தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கும். டேங்கர் லாரிக்காரர்களுக்கு இது பாலபாடம். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பார்கள். நாங்கள் காலித் தொட்டியோடு ஏறினோம். அதனால் மேலே போனதும் முதல் வேலை குடத்தோடு தண்ணீர் தேடுவது. பல லட்சம் செலவழித்துக் கட்டிய நடமாடும் மாளிகையிலிருந்து என் மாமியார் இறங்கி, இடுப்பில் குடத்தோடு நடந்த காட்சியை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மலையில் சமதரை கிடையாது. எங்கே நிறுத்தினாலும் வண்டி சாயும். சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் ஓட்டையைப் பார்க்காமல் எதிர்மூலையைப் பார்த்துப் போகும். மாமா கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சேஸுக்கு அடியில் கட்டை கொடுத்தார். சிங்க் சரியானது, கட்டில் சாய்ந்தது. கட்டிலைச் சரிசெய்தால் ஃபிரிட்ஜ் கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளிநாட்டில் இதற்கென்றே மட்டப்படுத்திய இடம், கரண்டு, கழிவு கொட்டக் குழாய் எல்லாம் வைத்து வாடகைக்கு விடுகிறார்களாம். நமக்குப் பலா மரத்தடிதான். அதுவும் காய்க்கிற காலத்தில் கூரைக்குப் பத்திரம் இல்லை.

சோறு வேகவில்லை என்று மாமியார் அடுப்பைத் திட்டினார். அடுப்பு நிரபராதி. 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று எம்சீல், சிலிக்கான் எல்லாம் பூசி, தார்ஷீட் ஒட்டிய பிறகும் காலையில் மெத்தை நனைந்திருந்தது. தோட்டத்துக்காரர்தான் கண்டுபிடித்தார். ராத்திரி ஜன்னலை அடைத்துக்கொண்டு ஐந்து பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டியிருக்கிறது. எங்கள் மீது எங்கள் மழையே பெய்திருக்கிறது.

பேட்டரி கதைதான் உச்சம். வண்டிக்கும் டிவிக்கும் ஒரே பேட்டரி. இரவு சீரியல் முடியும்வரை ஓடியது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. மலைச்சரிவுதானே, தள்ளினால் கிளம்பும் என்று ஊரே கூடியது. ஆனால் இது ஏர் பிரேக் வண்டி. காற்று இறங்கினால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று ஏற இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜின் ஓடப் பேட்டரி வேண்டும். பேட்டரியைச் சீரியல் தின்றுவிட்டது. கதாநாயகியின் கல்யாணம் நின்றுபோனதால் ஒரு பஸ் நின்றுபோன வரலாறு வேறெங்கும் இருக்காது. இப்போது வீட்டுக்குத் தனிப் பேட்டரி, வண்டிக்குத் தனிப் பேட்டரி. மாமியாரின் நிபந்தனைப்படி வீட்டுப் பேட்டரிதான் பெரிசு.

கேரவன் என்றால் நம் ஊரில் இரண்டே அர்த்தம், ஷூட்டிங் அல்லது தேர்தல். 1982-இல் என்.டி.ராமராவ் பழைய செவர்லே வேனைச் சைதன்ய ரதம் ஆக்கி ஆந்திராவைச் சுற்றிவந்தாரே, அதிலிருந்து பிரசார வேன் இல்லாமல் தலைவர் இல்லை. எங்கள் வண்டியைப் பார்த்த பையன்கள் எந்த நடிகர் என்று கேட்டார்கள், பெரியவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் எதுவும் கேட்கவில்லை. பஸ் கதவு மாதிரி இருந்த கதவைத் திறந்து, அன்னாசிக் கூடையோடு ஏறி, எங்கள் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான், "இது சோளக்காடு போகுமா?" என்றார். அன்று அங்கே சந்தை நாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வாழைத்தாரோடு ஏறினார்கள். மாமாவின் முகத்தில் அப்படியொரு ஒளியை நான் பார்த்ததில்லை. போகும் என்றார். கட்டைகளை எடுத்து, காற்று ஏற்றி, சோளக்காடு போய்ச் சேர்ந்தோம். பாட்டி இறங்கும்போது ஒரு அன்னாசியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு, சீட்டுதான் கம்மி" என்றார்.

அதன்பின் வண்டி மெல்ல மலைக்குத் தோதாக மாறத் தொடங்கியது. ஈரத்தில் ஊதிப்போன பிளைவுட் கதவுகளுக்குப் பதில் பலாப் பலகை வந்தது. குளியலறை கையகப்படுத்தப்பட்டு, மிளகு மூட்டை அடுக்கும் இடமானது. கூரையில் சோலார் பலகை போக மீதி இடத்தில் காப்பிக் கொட்டை காய்கிறது. அதைக் காவல் காக்க ஆள், ஆள் ஏற ஏணி, ஏணியை நிரந்தரமாக்க வெல்டிங். டயர்களில் வெயில் படக் கூடாது என்று சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டினார்கள். தட்டியில் அவரைக்கொடி படர்ந்துவிட்டது.

போன வாரம் மாமா கூப்பிட்டார். தண்ணீர்த் தொந்தரவு தீர, வண்டி பக்கத்திலேயே ஒரு போர் போட அனுமதி கேட்கப்போகிறாராம்.

"போர் போட்டா வண்டிய நகத்த முடியாதே மாமா?"

"நகத்தி எங்கங்க போறது மாப்பிள்ளை?"

மோட்டாருக்குக் கரண்டு வேண்டும் அல்லவா. மின் இணைப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பி என்னைச் சரிபார்க்கச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். தோட்டத்துக்காரரின் சம்மதக் கடிதம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. கதவு எண் என்ற இடத்தில் மட்டும் டிஎன் 34 என்று ஆரம்பித்து எழுதியிருந்தார்.