கரையா, கறையா? தமிழ் வளர்ச்சித் துறைக்கு எண்ணூரிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: நெட்டுக்குப்பத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர், எண்ணூர்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், தமிழ் வளர்ச்சித் துறை, தமிழ்ச் சாலை, எழும்பூர், சென்னை.

பொருள்: எண்ணூர் வட்டாரத்தில் சில சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டமை – பிரித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதுவரை ஏதும் விழவில்லை.

ஐயா,

நீங்கள் அரசு அலுவலகங்களுக்கு ஆய்வுக்குப் போவதும், பதிவேட்டின் மேலட்டை முதல் ரப்பர் முத்திரை வரை தமிழில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதும், கையெழுத்தோடு முன்னெழுத்தும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பதும், நன்றாக எழுதும் அலுவலகத்துக்குக் கேடயம் கொடுப்பதும் நாங்கள் அறிந்ததே. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எண்ணூரிலிருந்து கடிதம் என்றதும் மாசுப் புகார் என்று நினைத்து வேறு மேசைக்குத் தள்ளிவிட வேண்டாம். மாசுக்கு எழுத வேறு அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் எழுதி எழுதியே எங்கள் ஊரார் கையெழுத்து முத்து முத்தாகிவிட்டது. இது முழுக்க முழுக்க மொழிப் புகார்.

எங்கள் ஊரைப் பற்றி வரும் அறிக்கைகளில் எழுத்துப்பிழை அவ்வளவாக இல்லை. ஒற்று மிகும் இடத்தில் மிகுகிறது, மிகாத இடத்தில் அடங்கி நிற்கிறது. சொல்தான் பிழை. எழுத்துப்பிழை என்றால் சிவப்பு மையில் சுழிக்க நீங்கள் இருக்கிறீர்கள். சொல் பிழைத்தால் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கரையிலிருந்தே தொடங்குகிறேன். ரகரத்தையும் றகரத்தையும் நாகர்கோவில் பக்கத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் இன்னும் வாயிலேயே பிரித்துவிடுகிறார்கள். ராயபுரம் தாண்டி வடக்கே வந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே ஓசைதான். ஆகவே, காதை நம்பாதே, கண்ணால் பார்த்து எழுது என்பேன் பிள்ளைகளிடம். கடல் முடிகிற இடம் கரை, இடையினம். துணியில் ஏறி உட்கார்ந்துகொள்வது கறை, வல்லினம். வல்லினம் அழுத்தமானது, கறையும் அழுத்தமானது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இந்தச் சூத்திரம் ஒழுங்காக வேலை செய்தது, 2023 டிசம்பர் வரை.

மிக்ஜாம் புயல் மழையில், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றைப் பிடித்து, முகத்துவாரம் வழியே கடலுக்குப் போனது. போகிற வழியில் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. ஃபைபர் படகுகளின் வயிறெல்லாம் தார். வலையை எடுத்தால் கை வழுக்கியது. அந்தச் சமயத்தில் வகுப்பில் ஒரு பையன் ‘படகு கறையில் நின்றது’ என்று வாக்கியம் எழுதிவந்தான். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். சன்னலுக்கு வெளியே அவன் அப்பாவின் படகு தெரிந்தது. எந்த இடத்தில் கரை முடிகிறது, எந்த இடத்தில் கறை தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் முடியவில்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். துறையின் நிலைப்பாடு என்ன என்று எழுத்து மூலம் தெரிவித்தால் பதிவேட்டில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

பரவை என்றால் கடல், பறவை என்றால் பறப்பது. காரணப் பொதுப்பெயருக்குப் பாடநூல் காட்டும் உதாரணமே பறவைதான். அதே டிசம்பரில் எண்ணெய் தோய்ந்த இறகோடு கூழைக்கடாக்கள் எங்கள் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தன. காரணம் போனபிறகு பெயர் மட்டும் நிற்கலாமா என்பது இலக்கணக் கேள்வி. நன்னூலார் இதற்கு இடம் விடவில்லை.

அடுத்தது வாளியும் வாலியும். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டவில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு கொட்டாத எண்ணெயை அள்ள ஆட்கள் வாளியோடு இறங்கினார்கள். எண்ணூரிலிருந்து திருவான்மியூர் வரை வாளிதான். நாடே பார்த்துச் சிரித்தது. மீம் போடுகிறவர்களுக்கு நல்ல அறுவடை. வாலி யார் என்றால், எதிரே வந்து நிற்பவனின் பலத்தில் பாதியைத் தான் வாங்கிக்கொள்கிற வரம் பெற்றவன். எண்ணெய்க்கு எதிரே வாளியோடு நின்ற எங்கள் பையன்களைப் பார்த்தபோது அந்த வரம் எண்ணெய்க்குத்தான் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. ஆறு வருடம் கழித்து 2023இலும் மீனவர்கள் வாளியும் குவளையுமாகத்தான் அள்ளினார்கள். எனவே ‘பேரிடர் மேலாண்மைக் கருவி’ என்ற தொடருக்கு உங்கள் ஆட்சிச் சொல்லகராதியில் நேர்ப்பொருளாக ‘வாளி’ என்று சேர்த்துவிடலாம். பத்தெழுத்து மிச்சமாவது ஒருபுறம், உண்மையாகவும் இருக்கும்.

இனி துறை. துரை வேறு, துறை வேறு என்று நாலாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். எங்களுக்குள்ள சிக்கல் துறைக்கும் துறைக்கும் நடுவில். மீனவருக்குத் துறை என்றால் படகு இறக்கும் இடம். அரசுக்குத் துறை என்றால் ‘இது எங்கள் துறை அல்ல’ என்று சொல்லும் இடம். ஆறு ஒரு துறை, மீன் ஒரு துறை, மின்சாரம் ஒரு துறை, துறைமுகம் மத்திய அரசின் துறை. ஒரே தண்ணீருக்கு இத்தனை துறை இருந்தும் இறங்கிக் குளிக்க ஒரு துறை இல்லை.

அதைவிடத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது கழி. நெய்தல் நிலத்துச் சொல். சங்கப் பாட்டில் கடல், கானல் வருகிற இடத்தில் கழியும் கூடவே வரும். ஓதத்தில் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிற உப்பங்கழி. இறால் குஞ்சு அங்கேதான் வளரும். இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பார்கள். கை ஓய்வில்லாததால் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். பிடித்த இறால் நேரே பறிக்குள். இது கழி. இதோடு ஒரு ‘வு’ சேர்த்தால் கழிவு. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிற வழியில் வருடக்கணக்காக ஒழுகி ஒழுகி அந்த ‘வு’வைச் சேர்த்துவிட்டன. போகிற போக்கில் ஒன்று: செப்பாக்கம் வேறு, சேப்பாக்கம் வேறு. குறிலில் சாம்பல் குளம், நெடிலில் எழிலகமும் கிரிக்கெட் மைதானமும். ஆய்வுக்குக் கிளம்புகிற அதிகாரிகள் பெரும்பாலும் நெடிலோடு நின்றுவிடுகிறார்கள்.

கழியைப் பற்றி இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழி இருக்கிறது. பின்னால் புழக்கத்துக்கு வந்த ஒரு வரைபடத்தில் அதைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஆவணங்களை வைத்து 2017இல் இது வெளியே வந்தது. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்தபோது ஊர் சிரித்தது. இங்கே கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர். நடந்தது என்ன என்று நான் இலக்கணப்படி யோசித்துப் பார்த்தேன். ‘கழி’ பெயர்ச்சொல்லும் ஆகும், ஏவல் வினைமுற்றும் ஆகும். வரைபடம் எழுதியவர் அதை ஏவலாக எடுத்துக்கொண்டு கழித்துவிட்டார். கீழ்ப்படிதலுள்ள ஊழியர் போலும்.

அதே 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எங்கள் ஊர்ச் சாம்பலுக்கு நடுவில் நின்று ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. புறம்போக்கு என்பது ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம். தரிசு என்பது சும்மா கிடக்கும் நிலம். வருவாய்த் துறையில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. தெருச்சண்டையில்தான் முதலாவது வசவாகிவிட்டது. எங்கள் நிலத்தைக் கணக்கெடுக்க வருபவர்கள் கையில் பதிவேடு இருக்கிறது, மனதில் தெருச்சண்டை அகராதி இருக்கிறது.

ஆற்றின் அடியில் புதிதாக ஒரு சிப்பி வந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கடல்களைச் சேர்ந்தது, கப்பல்களின் நிலைநீரில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கம்பளமாகப் படர்ந்து இறால் மேயும் சேற்றையே மூடிவிடுகிறது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. ஆழி என்றால் கடல், சிப்பி வகைக்கு ஆளி அல்லவா என்று புலவர் யாராவது கேட்கக்கூடும். விட்டுவிடுங்கள் ஐயா, பேர் வைத்தவர்களாவது ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டை எங்கள் ஊர் ஒரே இரவில் கற்றது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். கப்பலிலிருந்து கொரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனை போனார்கள். வளி என்றால் காற்று. வழி என்றால் ஓடுவதற்கு வேண்டியது. வலி என்றால் நெஞ்சில். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதும் தேதி டிசம்பர் 27 ஆனது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்ட நாள். அதையொட்டி நீங்கள் ஆட்சிமொழிச் சட்ட வாரம் கொண்டாடுகிறீர்கள். தமிழ்நாட்டிலேயே அந்த நாளைத் தூங்காமல் வரவேற்றது நாங்கள்தான், கேடயத்துக்குப் பரிசீலிக்கவும்.

‘கசிவு’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். புதுப் பானை கசியும். குழாய் முனை கசியும். ஆறு முழுக்க எண்ணெய் மூடினாலும் கசிவு, குப்பம் குப்பமாக ஆட்கள் ஓடினாலும் கசிவு என்றால், பானைக்கு வேறு சொல் தேட வேண்டியதாகிறது.

இவ்வளவும் எழுத்து மயக்கம். ஓசையில் ஒட்டே இல்லாமல், ஆனாலும் எப்போதும் மாறிப்போகிற சோடி ஒன்று உண்டு: நிவாரணம், இழப்பீடு. 2023இல் எண்ணெய் வந்தபின் முதலமைச்சர் அறிவித்தார்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய், வாழ்வாதாரம் பாதித்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம். அடுப்பெரிய உதவிய பணம், குறை சொல்லவில்லை. ஆனால் அது நிவாரணம். புயல் அடித்தாலும் வரும், தீப்பிடித்தாலும் வரும், கொடுப்பவர் நின்று கொடுப்பார், வாங்குபவர் கும்பிட்டு வாங்குவார், போட்டோ எடுக்கலாம். இழப்பீடு அப்படியல்ல. இழந்தது எவ்வளவு என்று முதலில் எண்ண வேண்டும்: எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, எத்தனை வலையைத் தூக்கி எறிந்தார்கள், எண்ணூர் மீனா என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனவர்கள் எத்தனை பேர், சேறு தெளிந்து இறால் குஞ்சு திரும்ப எத்தனை பருவம். எண்ணி முடித்தபின் இழக்கவைத்தவர் பையிலிருந்து எடுத்து ஈடு செய்ய வேண்டும். கும்பிட வேண்டியதில்லை, போட்டோவும் கிடையாது. கூரான அடையாளம் வேண்டுமானால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: நிவாரணத்தில் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும், இழப்பீட்டில் செய்தவர் பெயர் கட்டாயம் இருக்கும். உங்கள் பயிலரங்கத்தில் ஒற்றுப்பிழைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்தச் சோடிக்கு ஒதுக்கினால் எண்ணூர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்; அது மட்டும் நிவாரணக் கும்பிடு அல்ல.

‘அளி’, ‘அழி’ பற்றி விரிவாக எழுதவில்லை. ‘அனுமதி அளிக்கப்பட்டது’ என்ற வரி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது எந்த எழுத்தில் வாசிக்கப்படுகிறது என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

ணகரத்துக்கு வருகிறேன். டகரத்துக்கு முன்னால் நிற்பது டண்ணகரம், மூன்று சுழி, வண்டி. றகரத்துக்கு முன்னால் நிற்பது றன்னகரம், இரண்டு சுழி, கன்று. மூன்று சுழி எண்ணூர் வரைபடத்தில் இருப்பது, கப்பலும் நிலக்கரியும் கண்டெய்னரும் வருவது. இரண்டு சுழி என்னூர் நாங்கள் இருப்பது. இந்தச் சுழிக் கணக்கில் மனு எழுதுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் கடைசி வரி: ‘ஆவண செய்யவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆவன என்றால் ஆக வேண்டியவை. ஆவணம் என்றால் பத்திரப்படுத்தி வைக்கும் தாள். நீங்கள் இதைப் பிழை என்பீர்கள். எங்கள் மனுக்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால், எழுதியவர்கள் மூன்று சுழி போட்டு எழுதியது அப்படியே நிறைவேறியிருக்கிறது. நான் இரண்டு சுழிதான் போடுகிறேன். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சொற்களைக் கோப்பில் வைத்துப் பிரிக்க முடியாது, ஓசை ஒன்றுதான். வந்து பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். அதனால் அடுத்த ஆட்சிமொழிப் பயிலரங்கத்தை எண்ணூரில் வையுங்கள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் நேரே வந்து இறங்கலாம். காரில் விரைவுச் சாலை வழியாக வருவதானால் கண்டெய்னர் லாரி வரிசையை மனதில் வைத்து அதற்கேற்ப முந்தின நாளே கிளம்பவும். விரைவு என்பதும் தாமதம் என்பதும் எங்கள் பக்கம் மயங்கும் சொற்கள்தாம். சாப்பாடு எங்கள் பொறுப்பு (வல்லின ற, இடையின ரகரத்தில் பொருப்பு என்றால் மலை, அது இங்கே சாம்பலில் மட்டும் உண்டு). நண்டுக் குழம்பு வைக்கலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள். நண்டு காசிமேட்டிலிருந்து வாங்கி வர வேண்டியிருக்கும். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு நண்டு வாங்கிய செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது, நிவாரணமா இழப்பீடா என்று மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ரசீது எடுத்துவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
என்னூர்க்காரன்.