தங்க வாக்மேன்

கேள்வி: லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் மியூசிக் பிளேயரில் பாட்டு அப்படி என்ன உசத்தியாகக் கேட்டுவிடும்?

பதில்: சோனி 2016-இல் இரண்டு வாக்மேன்களை இறக்கியது. டபிள்யூஎம்1ஏ அலுமினிய உடம்பு, 267 கிராம். டபிள்யூஎம்1இசட் செம்பு உடம்புக்குத் தங்கமுலாம், 455 கிராம். விலையோ இரண்டு மடங்குக்கும் மேல். திரை, பட்டன், ஆம்ப்ளிஃபையர் சிப் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. செம்பில் மின்தடை குறைவு, உள்ளே வயரிங்கும் உசத்தி. அதனால் ஒலி செழுமை என்கிறார்கள் ரசிகர்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கவைத்தால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்! வைஃபை வசதி இரண்டிலும் கிடையாது. காசு மிஞ்சினால் முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்; வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். தங்கம்தான் வேண்டுமென்றால் சரி, பேஸ் ஆழமாக இறங்கும். சட்டைப் பையும் கூடவே இறங்கும்.