தோத்தவன் பேட்ஜுக்குத்தான் துட்டு

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. அமெரிக்காக்காரன் பழைய எலெக்சன் சாமானெல்லாம் சேக்கப் போறியாமே? சேத்துக்கோ, யாரு வேண்டாம்னா? அங்க 1945-லயே இதுக்குன்னு சங்கம் வச்சுட்டான். நீதான் லேட்டு.

ஜெயிச்சவன் பேட்ஜுக்குத்தான் கிராக்கின்னு நெனைச்சிருப்பே. இல்லலே. 1920-ல ஜேம்ஸ் காக்ஸ்னு ஒருத்தர் ஜனாதிபதிக்கு நின்னாரு. துணைக்கு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ரெண்டு பேரும் ஹார்டிங்கிட்ட மண்ணைக் கவ்வினாங்க. கட்சிகிட்ட துட்டு இல்ல. ரெண்டு மூஞ்சியும் சேத்துப் போட்ட பேட்ஜ் கொஞ்சந்தான் அடிச்சாங்க. உள்ளங்கையில வச்சு மூடினா தெரியாது, அம்புட்டுத்தான் சைஸ். 2022-ல ஏலத்துல அதுல ஒண்ணு எவ்வளவுக்குப் போச்சு தெரியுமா? 1,85,850 டாலர்! காக்ஸுக்காகவா குடுத்தான்? பின்னால நாலு தடவை ஜெயிச்ச ரூஸ்வெல்ட்டு, தோக்கப் போறது தெரியாம அதுல முழிச்சுக்கிட்டு இருக்காருல்லா, அதுக்கு.

உடனே தோத்தவன் பேட்ஜையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துராத. 1972-ல மெக்கவர்ன் நின்னாரு. துணைக்கு ஈகிள்டன். ஈகிள்டனோட பழைய வைத்தியக் கதை வெளிய வந்துச்சு. பாரதப் போர் மாதிரி பதினெட்டே நாள்ல ஆளு விலகிட்டாரு. ‘ஆகா, இந்த ஜோடி பேட்ஜ் அபூர்வமாயிரும்’னு ஆளாளுக்குப் பதுக்கினான். ஊரே பதுக்கினா அது எப்படிலே அபூர்வம்? இன்னைக்கும் ஒரு காப்பித் துட்டுக்குக் கெடைக்குது.

1840-ல ஹாரிசன் கதை இன்னும் ருசி. மனுசன் பொறந்தது பெரிய பண்ணை மாளிகையில. ஆனா ஏழைப்பங்காளன்னு காட்டணுமே? மரக்குடிசையப் படம் போட்டு, தட்டு, கைக்குட்டைன்னு ஊரெல்லாம் எறக்கினாங்க. ஜெயிச்சுப் பதவியேத்த ஒரே மாசத்துல ஆளு போயிச் சேந்துட்டாரு. தட்டை மட்டும் இன்னைக்கும் கண்ணாடிப் பொட்டியில வச்சுக் கும்பிடுதான். அதுல சோறு போட்டுத் தின்னவன் எவன்?

1964-ல கோல்ட்வாட்டர் பேருல சோடா டப்பா வந்துச்சு. தொறக்காத டப்பாதான் வேணும்னு தேடுதான். தாகத்துக்காலே?

இதுல எனக்குப் பிடிச்சது 1789-ல வந்த வாஷிங்டன் பித்தளைப் பொத்தான். கோட்டுல நெசமாவே தைச்சுப் போட்டது. அப்படிப் போட்டவனுக்குப் புத்தி இருந்திருக்கு.

வாங்கணும்னே நிக்கியா? அப்ப ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. 1896-ல மெக்கின்லி, பிரையன் காலத்து பேட்ஜ்ல படம் காகிதத்துல இருக்கும். மேல செல்லுலாய்டு மூடியிருக்கும். ஈரம் பட்டா உள்ள பழுப்பாத் தேமல் விழும். தேமலப் பாத்து மூஞ்சியச் சுளிக்காத, விலையக் கொறைச்சுக் கேளு. படத்தைத் தகரத்து மேலயே நேரா அச்சடிச்சிருந்தா, அது அந்தக் காலத்துச் சரக்கு இல்ல. 1972-ல ஒரு பெட்ரோல் கம்பெனி விளம்பரத்துக்குன்னு பழைய பேட்ஜையெல்லாம் நகல் அடிச்சு விட்டுச்சு. அதை அசல்னு தலையில கட்டுதவன் இன்னும் இருக்கான். 1973-ல சட்டமே போட்டாச்சு, நகல்னா செஞ்ச வருசத்தை அதுலயே போடணும்னு. துட்டை எடுக்கதுக்கு முன்னால கண்ணாடிய மாட்டிக்கிட்டு விளிம்பைப் பாரு. பொடி எழுத்துல பின்னால உள்ள வருசம் ஏதும் இருந்தா, வச்ச எடத்துலயே வச்சுட்டு வா.