அனுமன் முடிக்காத வேலை

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் மனமார வெறுக்கும் வழக்கம் ஒன்று உண்டு: ‘போய் எடுத்து வா’ வேலை. உலகம் அழியப் பத்து நிமிடம்தான் இருக்கும். ஊர்ப் பெரியவரோ, நம் பாஷையில் சொன்னால், “மக்கா, பன்னிரண்டு மூலிகை பறிச்சிட்டு வாடே, பொறவு பாப்பம்” என்பார். நாயகனும் புதர் புதராகக் குனிவான்.

நாஞ்சில் நாட்டில் இதற்குப் பழைய தீர்ப்பு இருக்கிறது. மூலிகை தேடப்போன அனுமன், எந்தச் செடி என்று தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு பறந்தார். வழியில் சிந்திய துண்டுதான், நாகர்கோவில்–கன்னியாகுமரி வழியில் நிற்கும் மருந்துவாழ்மலை என்பது ஊர் நம்பிக்கை. இந்த வசதியை எந்த கேமும் நாயகனுக்குத் தருவதில்லை.

அடுத்த பழைய உத்தி, அழியா எந்திரம். 2017-இல் வந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ கேம் நம் மேற்குத்தொடர்ச்சி மலையில்தான் நடக்கிறது. பல நூற்றாண்டு பழைய ஹொய்சாள இடிபாடுகளில் பல்சக்கரங்கள் எண்ணெய்கூடக் கேட்காமல் சுழல்கின்றன. நம்மூர்க் குளத்து மதகு ஷட்டரோ இரண்டு மழைக்கே இறுகிவிடுகிறது. அந்த ஹொய்சாளக் கொத்தனாரை நீர்வளத்துறை உடனே தேட வேண்டும்.

கிழிந்த குறிப்பேடும் அரதப் பழசான உத்திதான். ஆனால் 2023-இல் வந்த ‘வெண்பா’ கேமில், கனடாவுக்குப் போன தமிழ்ப்பெண் தன் அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்கும்போது யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

கேம் செய்கிறவர்களே, பழைய உத்தியைத் தாராளமாக எடுங்கள். அதைச் செய்ய ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.