முடி இல்லாதவன்

'தேவர் மகன்' படத்தின் முடிவு எனக்கு 2002 ஆம் ஆண்டுதான் தெரியவந்தது. படம் வெளிவந்தது 1992 தீபாவளிக்கு. லண்டனில் இருந்து ஓட்டல்கள் திறக்கும் எண்ணத்தோடு ஊருக்கு வந்த அந்தக் கமலஹாசன், எண்ணியபடியே திறந்து, காசு மேசையில் உட்கார்ந்து நல்லாயிருக்கிறார் என்றுதான் இடைப்பட்ட பத்து வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். போரில் பூட்டிக்கிடந்த ஏ9 பாதை திறந்து சிடிக்கள் வந்து குவிந்த பிறகு முழுப்படத்தையும் பார்த்தால், மனிதர் ஜெயிலுக்குப் போக ரயில் ஏறுகிறார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிழை கமலில் இல்லை, மண்ணெண்ணெயில். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மோட்டார் சைக்கிள்கள் நாலு துளி பெற்றோலில் கண்விழித்து மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டோம்; சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசைக்குத் தொண்டை கட்டும்.

படம் பார்ப்பதென்றால் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு எடுக்கவேண்டும். மூன்றும் ஓர் அண்ணையிடம் இருந்தன. ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. கொண்டுவருவார்கள், ஆனால் போத்தலின் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்ததை நான் கண்டதில்லை. அந்தக் குறைந்த கழுத்தெல்லாம் சேர்ந்துதான் கிளைமாக்ஸில் கைவைக்கும். முதலில் ஜெனரேற்றர் விக்கும். பிறகு படம் நாலு பக்கமும் சுருங்கும். மீசை கட்டிய பெரிய பெரிய ஆட்கள் தீப்பெட்டி அளவுக்கு வந்து, கடைசியில் திரையின் நடுவில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். அதுவும் மெல்ல அணையும்.

இருட்டில் ஐம்பது பேர் ஒரே குரலில் கேட்போம்: "பேந்து என்ன நடந்தது அண்ணை?"

அண்ணை டெக்கின் வயரைச் சுருட்டியபடி சொல்லுவார்: "பேந்தென்ன, பகையெல்லாம் தீந்து பெடியன் பட்டணத்தில ஓட்டல் துறந்திட்டான்." அவரும் அந்தப் படத்தின் முடிவைப் பார்த்ததில்லை என்பது பின்னாளில் எனக்கு விளங்கிய உண்மை. எங்கு கொண்டுபோய்ப் போட்டாலும் அதே இடத்தில்தானே எண்ணெய் முடியும்?

இப்படி வளர்ந்த ஒருவன் புரோகிராம் எழுதப் போனால் எப்படியிருக்கும்? பகலில் நான் அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். இரவில், யாரும் கேட்காமல், யாருக்கும் தேவைப்படாமல், புரோகிராம் எழுதுகிறவன். கிணற்றில் தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல ஒன்று தொடங்கினேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எந்த வீதி பூட்டு, எதால் சுற்றிப் போகலாம் என்று சொல்ல இன்னொன்று. அது தேர் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் தங்கள் பாட்டில் போய்க்கொள்ளட்டும். எல்லாவற்றிலும் முக்கால்வாசி ஓடும். அதற்குப் பிறகு வெள்ளைப் புள்ளி.

தமிழிலேயே எழுதினால் முடிக்கலாமோ என்று 'எழில்' மொழியையும் பிடித்துப் பார்த்தேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய நிரல் மொழி அது. திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று எழுதவேண்டும். எனக்குப் பிடித்தது அதன் நிபந்தனை வாக்கியம். ஆங்கில மொழிகளில் 'இஃப்' முன்னுக்கு நின்று வாசலில் மறிக்கும். எழிலில் நிபந்தனை முதலில், அதன் பின்னால் 'ஆனால்'. எங்கள் வீட்டுக் கதையே அப்படித்தான் நடக்கிறது. "மழை வந்தால்" என்று தொடங்கி, முற்றத்தில் காயும் மிளகாய், கொடியில் உடுப்பு எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்யவேண்டும் என்பது வரும். அதற்கிடையில் மழை வந்துவிடும்.

எழிலில் ஒரு பகுதியைத் தொடங்கினால் 'முடி' என்று போட்டு முடிக்கவேண்டும். போடாவிட்டால் ஓடாது. ஒருநாள் இரவு ஒன்றரை மணிநேரம் தேடிவிட்டு, "முடி இல்லையாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனைவி நித்திரைத் தூக்கத்தில் திரும்பிப் படுத்தபடி, "அதை இப்பதான் கண்டனீங்களே? கலியாணத்தண்டே எனக்குத் தெரியும்" என்றாள். தலையைத் தடவிக்கொண்டு லப்டொப்பை மூடினேன்.

படங்களில் வருகிற கொம்பியூட்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விரல்கள் மத்தளம் வாசிக்கும், பச்சை எழுத்து மழையாகக் கொட்டும், ஒருத்தராவது அழிக்கும் பொத்தானை அமத்தி நான் கண்டதில்லை. என்னுடைய கீபோட்டில் எழுத்து அழிந்துபோன ஒரே பொத்தான் அதுதான். 'எந்திரன்' (2010) வந்தபோது ரஜினியின் ரோபோ சிட்டி தன் வேகம் ஒரு டெராஹேர்ட்ஸ், நினைவகம் ஒரு செட்டாபைட் என்று அறிமுகம் செய்ய, தியேட்டரே விசிலடித்தது. நான் மட்டும் வீட்டுக்கு வந்து கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். ஒரு செட்டாபைட் என்றால் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நூறு கோடி. ஒன்று 200 கிராம் என்று வைத்தாலும் இரண்டு இலட்சம் தொன். அந்தச் சுமையோடு ரஜினி ஓடும் ரயிலின் பக்கச்சுவரில் ஓடுகிறார். வேகக் கணக்கு இன்னும் மோசம். டெராஹேர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்குள் ஒளிகூட மூன்றில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் நகரும். சிட்டியின் இடது காதில் விழுந்த செய்தி வலது காதுக்குப் போவதற்குள் ஐந்நூறு துடிப்பு போய்விடும். இடது காதால் கேட்டு வலது காதால் விடுவதற்கு என் மகனுக்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை.

வசனத்தில் பங்கெடுத்தவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய பொறியியலாளர். அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விசிலுக்கும் கணக்குக்கும் நடுவில் எதை எடுப்பது என்றும் தெரிந்திருக்கும்.

என் வாழ்க்கையில் நான் முடித்த ஒரே புரோகிராம் என்று சொல்லத்தக்கது, பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றுவது. அதற்கும் படம்தான் காரணம். காலமான மாமா, என் மாமனார், பெரிய படப்பைத்தியம். வெலிங்டன், ராணி, வின்சர், மனோகரா, ரீகல் என்று யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒவ்வொன்றிலும் எந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தார் என்று கொப்பியில் எழுதிவைத்திருந்தார். மாப்பிள்ளையாகப் போன புதிதில், நல்ல பெயர் எடுக்கவென்று, அதை நான் பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்தேன். பாமினியைத் தெரியாத இலங்கைத் தமிழர் இருக்கமாட்டார்கள்: கலியாணக் காட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அதுதான். அதன் சூது என்னவென்றால், உள்ளுக்குள் தமிழே கிடையாது. இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உடுப்பு. 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. உடுப்பைக் கழற்றினால் அவ்வளவுதான்.

போன வருடம் மாமி அந்தப் பட்டியலைப் போனில் பார்க்க ஆசைப்பட்டா. போனில் பாமினி இல்லை. புரோகிராம் எழுதினேன். முதல் தரம் ஓடவிட்டபோது அந்த அரைப்புள்ளியை மறந்துபோனேன். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. 'நாடோடி மனனன' வந்தார். 'திலலானா மோகனாமபாள' வந்தா. ரியூசனில் சி மொழி படித்த காலத்தில் ஓர் அரைப்புள்ளி விட்டதற்காகக் கொம்பியூட்டரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. முப்பது வருடம் கழித்துப் பத்மினியின் தலையிலேயே அதை விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு முன்னோடி இருக்கிறார். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதேயில்லை. அந்தப் புள்ளியில்லாத, பூச்சி அரித்த ஏடுகளை வைத்துக்கொண்டுதான் எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். பிழை திருத்துவது என்றால் அது. கொம்பியூட்டர்காரர் பிழையைப் பூச்சி என்பது வெறும் உவமை, அவருக்குப் பூச்சி ஏட்டிலேயே இருந்தது. அவர் முடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புள்ளி எல்லாம் வைத்து இரண்டாம் தரம் ஓடவிட்டேன். மாமா சில தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். என் புரோகிராம் அவற்றையும் பாமினி என்று நினைத்து மொழிபெயர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயர் 'துயககயெ' ஆனது. படத்துக்கான ஆங்கிலச் சொல், 'பிலிம்', சின்ன எழுத்தில் இருந்த இடமெல்லாம் 'கடைஅ', பெரிய எழுத்தில் தொடங்கிய இடமெல்லாம் 'குடைஅ'.

மாமி கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தா. வாசித்துக்கொண்டே முகம் மாறியது.

"என்ன தம்பி இது? மனிசன் படத்துக்கெண்டு சொல்லிப்போட்டு நெடுகக் கடைக்கே போனது?"

"இல்லை மாமி, அது பாமினி..."

"ஆரது பாமினி?"

அன்று இரவுக்குள் புரோகிராமைத் திருத்தியே ஆகவேண்டும் என்ற நிலை. ஒரு மனிதனின் நற்பெயர் என் விரலில் தொங்கியது. நான் எதையாவது முடித்தேன் என்றால் அதனால்தான்.

அந்தத் துணிவில் யுனிகோட்டிலும் கொஞ்சம் விளையாடினேன். பைதனிடம் 'யாழ்ப்பாணம்' எத்தனை எழுத்து என்று கேட்டேன். பதினொன்று என்றது. ஆண்டு இரண்டு பிள்ளை ஆறு என்று சொல்லும். கொம்பியூட்டருக்கு 'யா' என்பது ய ஒன்று, கால் ஒன்று. 'ழ்' என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று. அதன் கணக்கில் புள்ளியும் ஒரு தனி ஆள். சரி போகட்டும் என்று 'விகடகவி'யைக் கொடுத்து, திருப்பி வாசித்தாலும் இதேதானா என்று கேட்டேன். இல்லை என்றது. தெனாலிராமன் காலத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் ஒன்றாக நின்ற சொல்! திருப்பிப் போட்டதில் கடைசி 'வி'யின் வளைவு வ-வை விட்டுப் பிரிந்து முன்னுக்கு வந்து, ஏற ஒரு தலை கிடைக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. இதைச் சரிசெய்ய நாற்பது வரி எழுதி, முப்பத்தெட்டாவது வரியில் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு மகன் எட்டிப் பார்த்து, "அப்பா, ஓப்பன் தமிழ் எண்டு ஒண்டு இருக்கு. எழுத்து எழுத்தாப் பிரிச்சுத் தரும். ஒரு வரிதான்" என்றான். பார்த்தேன். அதிலும் அந்த எழில்காரரின் கை இருக்கிறது. ஒரு வரிதான். ஐந்து எழுத்து, இரண்டு பக்கமும் விகடகவி. மகனுக்கு நன்றி சொல்லவில்லை. படிக்கப் போகச் சொன்னேன்.

மின்வெட்டு இப்போது பழைய மாதிரி இல்லை. 2022 இல் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது கொழும்பு உறவினர்கள் போனில் அழுதார்கள். நாங்கள் ஜாம் போத்தல் விளக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தோம். என்றாலும் இடைக்கிடை, காற்று அடித்தால், போகும்.

போன கிழமை மாமி ரிவியில் 'மாநாடு' பார்த்துக்கொண்டிருந்தா. சிம்பு சாவார், திரும்ப விமானத்தில் கண்விழிப்பார், திரும்பச் சாவார். ஒரு சுற்றுக்குள் மாட்டுப்பட்டவன் படும் பாடு எனக்குத் தெரியும் என்பதால், பக்கத்தில் லப்டொப்போடு இருந்த நானும் ஒரு கண்ணால் பார்த்தேன். ஐந்தாவது சாவில் மாமி பொறுமை இழந்தா.

"தம்பி, சிடி இறுகிப்போச்சுப்போல. காட்டினதையே காட்டுது."

"இது சிடி இல்லை மாமி. கதையே அப்பிடித்தான்."

"பாவம் பிள்ளை. எப்பதான் விடுவாங்களாம்?"

எஸ்.ஜே. சூர்யா கத்தத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இந்தக் காலத்து ரிவி. சுருங்கவில்லை, புள்ளி நிற்கவில்லை, பட்டென்று கறுப்பு. இருட்டில் மாமியின் குரல் வந்தது.

"பேந்து என்ன நடந்தது தம்பி? நீங்கள் பாத்த படம்தானே?"

நான் பார்க்கவில்லை. மூன்று தரம் தொடங்கினேன், மூன்று தரமும் நடுவில் ஏதோ ஒரு புரோகிராம் கூப்பிட்டது. லப்டொப் வெளிச்சத்தில் மாமியின் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பேந்தென்ன மாமி, பகையெல்லாம் தீந்து பெடியன் பட்டணத்தில ஓட்டல் துறந்திட்டான்."

மாமி ஆறுதலாக மூச்சு விட்டா. "அது நல்லது. பிள்ளை சரியாக் களைச்சுப்போச்சு."